நினைவு நாளும் நினைவுத் தொண்டும்

மறதி மனிதருக்கு இயற்கை அளித்த மருந்து என்பர். பெருந்துயர் உற்றோர் அத்துயரையே நாள்தோறும் எண்ணிக் கொண்டிருப்பின் உழவும் நடவாது, தொழிலும் நடவாது, மக்களை வளர்த்தலும் நடவாது. ஆயினும், தனியொருவர்க்கு மருந்தாவது ஒரு சமுதாயத்துக்கு நஞ்சாதலும் உண்டு. மகவை இழந்த தாய் தன் துன்பத்தைச் சிறிது சிறிதாக ஆற்றிக் கொள்ளுதல் வேண்டும். அம்மகவு எவ்வாறு இறந்தது என்பதை ஊர் மறத்தல் ஆகாது. தாய்க்கு ஆறுதலும் ஊருக்கு நினைவும் ஒருங்கே வாய்க்க வேண்டியே நினைவு நாள்கள் வகுக்கப்பட்டன என்பது எமது கருத்து.

இலங்கையில் ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் தேசிய பாதுகாப்புத் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. 2004ஆம் ஆண்டில் அந்நாள் ஞாயிற்றுக்கிழமையும் பூரணையும் கூடிய நாளாக அமைந்தது. வட சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சி எழுப்பிய பேரலைகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எமது கீழ்க்கரையை அடைந்தன. நாடெங்கும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. உடுத்துறையும் முல்லைத்தீவும், நாவலடியும் கல்முனையும், தெற்கே காலியும் அம்பாந்தோட்டையும் ஒரே காலையில் ஒரே துயருக்கு ஆளாயின. இந்து, இசுலாமியர், கிறித்தவர், பௌத்தர் என்னும் வேற்றுமை அலைக்குத் தெரியவில்லை. அன்றுதொட்டு ஆண்டுதோறும் அந்நாளில் காலை 9.25 மணி முதல் 9.27 மணி வரை இரண்டு நிமிட மௌனம் நாடெங்கும் காக்கப்படுகின்றது.

மௌனம் காத்தல் நன்றே. சுடரேற்றலும் மலர் தூவலும் நன்றே. ஆயின் இரண்டு நிமிடங்களும் கழிந்தபின் யாது செய்கின்றோம் என்னும் வினா எழுகின்றது. இன்று எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவரேனும் அக்காலையில் பிறந்திருக்கவில்லை. அவர்க்கு அது பாடநூலில் வரும் ஒரு திகதி. சங்கிலியன் காலம் போன்று எட்டத்தே நிற்கும் ஒரு செய்தி. ஒலிபெருக்கி கட்டிப் பதாகை தூக்கி, பிரமுகர் பேசி, படம் பிடித்துக் கலையும் விழாவொன்று அவர்தம் நெஞ்சில் எதனை விட்டுச் செல்லும்? துயரை நேரிற் கண்டார்க்கு ஒரு சுடரே போதும். காணாதார்க்குச் சுடர் போதாது. அவர் கையாலும் காலாலும் செய்யத்தக்கதொரு தொண்டு வேண்டும். அத்தொண்டு எத்தகையதாதல் வேண்டும் என்பதைப் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே கூடும் இவ்விழா மலரில் ஆராய விழைகின்றோம்.

இறந்தாரை நினைத்தல் எமக்குப் புதியதன்று. இல்வாழ்வான் பேணுதற்குரிய ஐவருள் தென்புலத்தாரையே வள்ளுவர் முதற்கண் வைத்தார். போரில் வீழ்ந்தார்க்குக் கல் எடுக்கும் மரபைத் தொல்காப்பியர் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகளாக வகுத்தார். அவ்வாறனுள் நடுதல் நான்காவது என்பதை மாணவர் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். கல்லை நட்டதோடு கடமை முடிந்துவிடவில்லை. அதன்பின்னும் செய்யவேண்டுவன இரண்டு உள. நாமோ நடுதலோடு நின்றுவிடுகின்றோம். தூபி எழுப்பித் திரைநீக்கம் செய்த மறு ஆண்டே அதனைச் சூழப் புல் மண்டிவிடுகின்றது.

கல் பேசுதலும் உண்டு. யப்பானில் அனேயோசி என்னும் சிற்றூரில், 1933ஆம் ஆண்டுப் பேரலையின் பின்னர் ஒரு கல் நாட்டப்பட்டது. இறந்தார் புகழை உரைத்ததோடு அமையாது, அவ்விடத்துக்குக் கீழே வீடு கட்டுதல் ஆகாது என வருங்காலத்தார்க்கு அக்கல் ஆணையிட்டது. ஊரார் அதனைக் கேட்டு நடந்தனர். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் எழுந்த பேரலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றது. மேலேயிருந்த வீடுகள் தப்பின. நினைவுச் சின்னம் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் யாம் அறியோம்.

தமிழ் கற்பிக்கும் எமக்குப் பிறிதோர் எண்ணமும் எழுவதுண்டு. கடல்கோள் என்னும் சொல் தமிழுக்குப் பழைய சொல். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் பேசுகின்றது; முச்சங்க வரலாறு கூறும் இறையனார் களவியல் உரையும் கடல்கோளைக் கூறுகின்றது. அவற்றின் வரலாற்று உண்மை பற்றி அறிஞர் வேறுபடுவர், அது நிற்க. சொல் எம்மிடம் இருந்தது. தேர்வுக்காக அதனை மனனம் செய்தும் இருந்தோம். ஆயினும், அலைகளுக்கிடையே கடல் உள்வாங்கிய இடங்களில், வெறிதான கடலடியை வியந்து நோக்கச் சென்றோர் பலர். சொல்லைக் காத்த நாம் அச்சொல்லுக்குரிய செயலைக் காக்கவில்லை. ஏட்டில் இருந்தது காலுக்கு இறங்கவில்லை.

காலுக்கு இறங்கிய ஊரொன்றும் உண்டு. அப்பூமியதிர்ச்சி நிகழ்ந்த இடத்துக்கு மிக அண்மையில் உள்ளது சிமேலுவே என்னும் தீவு. அங்கே 1907ஆம் ஆண்டில் ஒரு பேரலை பலரைக் கொன்றது. பிழைத்தோர் அப்பேரலையை ‘சிமோங்’ என வழங்கி, நிலம் கடுமையாக நடுங்கிக் கடல் வற்றினால் பொருளை எண்ணாது மேட்டுக்கு ஓடுக என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்கு ஊட்டினர். ஏறத்தாழ நூறாண்டு கழிந்து, 2004இல் அலை சில நிமிடங்களிலேயே அத்தீவைத் தாக்கியது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேரே எனப் பதிவாகியுள்ளது. அன்று அவர்களிடம் எச்சரிக்கைக் கருவி இல்லை. பாட்டியர் சொல்லே கருவியாயிற்று. அதே நாளில் தாய்லாந்தின் கடற்கரையொன்றில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, சில கிழமைகளுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்ற அறிகுறிகளைக் கண்டுணர்ந்து பெற்றோர்க்கு உரைக்க, அக்கரையில் நின்றோர் அனைவரும் உயிர் தப்பினர். ஒரு பாடவேளையின் பயன் எத்துணைத்து என்பதற்கு ஆசிரியர்க்கு இஃதொன்றே போதிய சான்று.

இனி, எமது நிலை சிமேலுவேயின் நிலையன்று என்பதையும் தெளிதல் வேண்டும். அங்கே நிலநடுக்கமே முரசறைந்தது. எமக்கோ அதிர்ச்சி நிகழ்ந்த இடம் தொலைவிலுள்ளது. நிலம் நடுங்கி எச்சரிக்கும் என நாம் எதிர்பார்த்தல் இயலாது. கடல் எப்பொழுதும் முதலில் உள்வாங்கும் என்று காத்திருத்தலும் ஆகாது. முன்னறிகுறி இன்றியே அலை ஏறுதலும் உண்டு. ஆனால் எமக்கு அவர்க்கில்லாத நற்பேறு ஒன்றுண்டு; அது காலம். 2004இல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எமக்கு இருந்தது, அறிவிப்பார்தாம் இருந்திலர். பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது; இந்து சமுத்திரத்துக்கு அன்று இல்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் பின் எமது நாட்டில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. இந்து சமுத்திர எச்சரிக்கை ஒழுங்கு 2011இல் முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. 2012 ஏப்பிரில் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பேரதிர்ச்சி நிகழ்ந்தபோது எச்சரிக்கை உரிய வேளையில் வந்தது. கரையோர மக்கள் உள்நாடு நோக்கிப் பெயர்ந்தனர். நல்வாய்ப்பாக அழிவலை எழவில்லை. ஆகவே அறிவிப்பது அரசின் கடன். அவ்வறிவிப்பைக் கேட்டு எத்தெருவால் எங்கே செல்வது, நடக்க இயலாதாரை யார் தூக்குவது என்பன ஊரின் கடன். இந்த இடைவெளியை நிரப்புதலே நினைவு நாளுக்கு ஏற்ற தொண்டு என யாம் துணிந்து கூறுவோம்.

இதற்கு மூன்று பணிகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, வழி காணும் பணி. மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து, பெரியோர் துணையுடன், கடற்கரையிலிருந்து உள்மேட்டுக்குச் செல்லும் தெருக்களையும் ஒழுங்கைகளையும் நடந்து பார்த்தல் வேண்டும். இளைஞன் எத்தனை நிமிடத்திற் செல்வான், கைக்குழந்தையுடன் தாய் எத்தனை நிமிடத்திற் செல்வாள் என்பதைக் கணக்கிடுதல் வேண்டும். எவ்விடத்தில் வேலி மறிக்கின்றது, எந்த மதகு மாரிகாலத்தில் மூழ்குகின்றது, எந்த அறிவிப்புப் பலகை துருப்பிடித்துச் சாய்ந்தது என்பனவற்றைக் குறித்துப் படம் வரைந்து கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் ஒப்படைத்தல் வேண்டும். துணை வேண்டும் முதியோரும் நோயாளரும் எவ்வீட்டில் உளர், அவர்க்கு அயலவர் யார் பொறுப்பு என்னும் பட்டியலும் அவரவர் இசைவுடன் ஆக்கப்படல் வேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டா. காலும் கடுதாசியும் போதும்.

இரண்டாவது, வாய்மொழி திரட்டும் பணி. அன்று பிழைத்தோர் பலர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர் கண்டதை அவர் சொல்லிலேயே எழுதிவைத்தல் தமிழ் மாணவர்க்குரிய கடமை. தென்மேற்கே பெரலிய என்னுமிடத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க. முதலலை கண்டு அஞ்சியோர் நின்றுபோன புகைவண்டியையே அரணெனக் கருதி அதனுள் ஏறினர். அடுத்துவந்த பேரலை அவ்வண்டியைப் புரட்டிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அலை ஒன்றன்று, பல. முந்தியதினும் பிந்தியது பெரிதாதல் கூடும் என்பதை எவரும் அவர்க்குச் சொல்லியிருக்கவில்லை. இத்தகைய பாடங்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு முதியவர் நெஞ்சிலும் உள. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. துயருற்றாரைத் துருவித் துருவி வினாவுதல் தொண்டன்று; கொடுமை. சொல்ல விரும்புவாரிடம் மட்டும் செல்க. அழுவாரெனின் எழுதுகோலை வைத்துவிடுக. எழுதியதை அவர்க்கே வாசித்துக் காட்டி, அவர் இசைந்தாலன்றி வெளியிடற்க.

மூன்றாவது, கரை காக்கும் பணி. மரம் நடுதலையே நினைவு நாள் தொண்டு எனப் பலர் கொள்கின்றனர், அது தவறன்று. கண்டலும் தாழையும், இராவணன் மீசையும் அடம்பனும் மணலைப் பிணித்து அலையின் வேகத்தை ஓரளவு தணிக்கும். பேரலையை அவை தடுத்து நிறுத்திவிடும் என்று நம்பி ஓடாதிருத்தல் பேதைமை. அன்றியும், மரத்துக்குப் பருவம் உண்டு. விழாவின் திகதியை அது அறியாது. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதையை மாரிக்கு முன்னரே ஊன்றுதல் வேண்டும். மார்கழி நடுவில் நட்ட கன்று, தை கழிந்ததும் வறட்சியைச் சந்திக்கின்றது. பங்குனி வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார் யார்? ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி கருக்குமட்டையால் அடைப்பார் யார்? இவ்வினாக்களுக்கு ஆளின் பெயருடன் விடை எழுதிய பின்னரே முதற் குழியைத் தோண்டுதல் வேண்டும். ஆயிரங் கன்று நட்டுப் பத்தைக் காண்பதினும், நாற்பது நட்டு முப்பதைக் காப்பது மேலானது.

தொண்டு செய்யும் நெஞ்சம் இருந்தால் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்குக் கடல்கோளின் பின் கிழக்குக் கரையில் நிகழ்ந்ததே சான்று. அலை புகுந்து உவர்ப்பான கிணறுகளைத் துப்புரவாக்க வேண்டுமென்னும் நல்லெண்ணத்தோடு, பலர் வந்து அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தனர். கரையோர மணலில் நன்னீரானது உவர்நீரின் மேலே மெல்லிய படையாக நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் மேலுள்ள நன்னீர் தீர்ந்து கீழுள்ள உவர்நீர் எழுந்துவிடும். அவ்வாறு பல கிணறுகள் இறைக்க இறைக்கத் தேறாமற் போயின என்பதை ஆராய்ந்தோர் கண்டனர். நிலத்தடி நீரை முடிவிற் கழுவித் திருத்தியது பருவமழையே. இறைத்தவர் கெட்டவரல்லர். அறிந்தவரைக் கேளாதவர், அவ்வளவே. எனவே எப்பணிக்கும் முன் அவ்வூரார் வேண்டுவது யாதெனக் கேட்டலும், துறையறிந்தார் சொல்லைக் கேட்டலும் இன்றியமையாதன.

துக்க நாளில் மண்வெட்டி எடுப்பது தகுமா எனச் சிலர் வினாவலாம். சுடரும் மௌனமும் வேண்டாவென யாம் கூறவில்லை. காலையில் மௌனம் காத்து, ஊராரின் வழிபாட்டில் அடக்கத்துடன் கலந்துகொண்டு, அதன்பின் பணிக்குச் செல்க. கடல்கோள் நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவது. அதற்கு இத்துணை முயற்சியா என வேறு சிலர் கேட்கலாம். 1964 டிசம்பரில் வடக்கையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் புயல் அழித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாடெங்கும் வெள்ளத்தையும் மலையகத்தில் மண்சரிவையும் விளைத்தது. செல்லும் இடம் வேறாகலாம். ஆனால் அயலவரை அறிதலும், நோயாளர் பட்டியலும், அறிவிப்பு வந்தவுடன் எழுந்து நடக்கும் பழக்கமும் எல்லா இடர்க்கும் பொதுவே.

டிசம்பர் 26 பெரும்பாலும் பாடசாலை விடுமுறைக்குள் வருகின்றது. ஆதலின் ஆசிரியரால் மட்டும் இதனை நடத்துதல் அரிது. பிறநாடுகளிலும் கொழும்பிலும் வாழும் பழைய மாணவர் பலர் ஊர் திரும்புவதும் அவ்விடுமுறையிலேயே என்பதை நோக்குமிடத்து, இத்தடையே வாய்ப்பாகவும் ஆகின்றது. பொறியியலாளர் வழியை அளக்கலாம். வைத்தியர் முதலுதவி பயிற்றலாம். கமக்காரர் கன்று பேணும் முறை காட்டலாம். வங்கியில் இருந்தவர் கணக்கெழுதலாம். புரட்டாதியிலேயே சிறு குழுவொன்று கூடி, பணியொன்றைத் தெரிந்து, பெற்றோர் இசைவு பெற்று, உரிய அலுவலர்க்கு அறிவித்தல் வேண்டும். செய்தது யாது, செய்யாது விட்டது யாது, வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பன ஒரு கொப்பியில் எழுதப்பட்டு நூலகத்தில் வைக்கப்படுதல் வேண்டும். அடுத்த ஆண்டுக் குழு அக்கொப்பியைத் திறந்தே தன் பணியைத் தொடங்குக. பெயர்ப்பலகையும் பொன்னாடையும் இதில் இடம்பெறா என்பதை முதற் பக்கத்திலேயே எழுதிவிடுதல் நன்று.

விழாக் காலத்தில் கல்லூரிக்கு மண்டபமும் வாயில் வளைவும் அமைக்கும் ஆர்வம் பழைய மாணவரிடையே மிகுதல் இயல்பு. அவையும் வேண்டற்பாலனவே. ஆயின் அவற்றோடு, ஒரு பணத்தையும் வேண்டாத இந்நினைவுத் தொண்டையும் இவ்வாண்டு விழாவின் நிலையான பணிகளுள் ஒன்றாகச் சங்கம் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எம் ஊர்ப் பழமொழி. கரை மணலிற் படரும் அக்கொடியின் தனித்தண்டு குழந்தை கையாலும் அறும். பின்னிப் படர்ந்தபோதோ மணல்மேட்டையே தாங்கி நிற்கும். மூத்தோர் அறிவும் இளையோர் காலும் அவ்வாறு பின்னுமாயின், வருங்காலத்தில் அறிவிப்பு ஒலிக்கும் ஒரு காலையில், எம் மாணவன் ஒருவன் முதலில் அயல்வீட்டுப் பாட்டியின் கையைப் பற்றி, தான் நடந்து பழகிய ஒழுங்கையால் மேட்டை நோக்கிச் செல்வான். அன்று இறந்தார்க்கு நாம் ஆற்றக்கூடிய சிறந்த கடன் அதுவே. அக்கடனைச் செலுத்தும் பேறு எம் கல்லூரிக்கு வாய்ப்பதாகுக.